மூன்று என்று எழுதினேன்

அந்த அறையில் டாக்டர் அம்மா இருந்தார். நர்ஸ் ஸ்டெல்லா இருந்தாள். என் அக்கா வசந்தா இருந்தாள். என் மனைவி சகுந்தலா இருந்தாள். நான் இருந்தேன்.

ஐந்து பேர். ஐவரில் ஒருவன் பொய்யன். அது நான்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்க இருந்த ஒரே வழியில் நான் ஓர் எண்ணைப் பொய்யாக எழுதினேன். பழி என் மனைவி மேல் விழுந்தது. விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்றுவரை சும்மா இருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சிக்கந்தராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. நீங்கள் யாரோ, எவரோ... முகம் தெரியாததால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. ஹப்சிகுடாவில் மூன்றாம் மாடியில் இருக்கிற ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர்கள் மேல் குற்றமில்லை. வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்த கருவைச் சகுந்தலாவின் வயிற்றில் வைக்கிற நாள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியுமாம். ஆட்டோவில் வழி முழுக்கக் குடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அம்மா தெலுங்கில் பேசுவார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம் எங்களுடையது, நன்றாகப் புரியும். உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

“அஞ்சு முட்டை எடுத்தோம்மா. ரெண்டு கருவாச்சு. ரெண்டும் வளராம நின்னுடுச்சு. உள்ள வைக்க ஒண்ணும் இல்ல.”

“ரெண்டுமா?” என்றாள் சகுந்தலா.

“ரெண்டும்.”

அவள் ஸ்டெல்லா பக்கம் திரும்பினாள்.

“அப்போ நான் பாத்ரூம் போலாமா சிஸ்டர்?”

பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து என் கால் விரல் போனது ஒருமுறை. அப்போதுகூட இப்படி வலிக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். இதை எதிர்பார்க்கவில்லை...

அவள் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் அம்மா கோப்பைப் புரட்டினார். என் பக்கம் பார்த்தார்.

“போன தடவை டெஸ்ட்டில உங்களுது நல்லா ஓடிச்சே. இந்தத் தடவை ஓட்டம் ரொம்பக் கம்மி. காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?”

“இல்லம்மா.”

“குடி, சிகரெட்?”

“கிடையாது.”

“நாள் இடைவெளி...” விரலை ஓட்டினார். என் கையெழுத்தில் வந்து நின்றார். “மூணு நாள். அது சரியாத்தான் இருக்கு.”

அந்த விரல் அங்கே நின்றதை நான் பார்த்தேன். உண்மைக்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே போக வேண்டியதுதான். ‘அது பொய்யம்மா’ என்று இரண்டு வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை!

“அப்போ வயசுதான். முட்டையோட தரம்தான். முழுசா இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா முப்பத்தெட்டு வயசு...”

அக்கா முந்திக்கொண்டாள். “ஹவ், ஆமா, அதான் மேடம். நான் அப்பவே சொன்னேன். எங்க பக்கத்துல யாருக்கும் இப்புடி இல்ல.”

சகுந்தலா தலையசைத்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஏன் பொய் எழுதினேன்? கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நான் ஐயப்பசாமி. வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறவன். எங்கள் பட்டறையில் அறுபது சாமிகள் இருக்கிறோம். மற்றவர்கள் நாற்பத்தொரு நாள் இருப்பார்கள். நான் நாற்பத்தெட்டு நாள் முழு மண்டலம் இருந்து மலை ஏறுவேன். தரையில் படுக்கை. இருவேளைக் குளியல். மனைவியின் விரல்கூடப் படக்கூடாது.

அந்த வருடம் எனக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டு முடித்தால் குருசாமி. தோளில் தென்னங்கன்று சுமந்து போய் சன்னிதானத்தில் வைக்கலாம். அப்புறம் மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடுகிற கை நம்முடையது. சூப்பர்வைசர்கூட வந்து காலில் விழுவார். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆசை என்று எழுதுவது குறைவு. வெறி.

டாக்டர் அம்மா தந்த தேதி மார்கழியில் விழுந்தது. தள்ளிப்போட வேண்டாம் என்றார். சகுந்தலாவின் முட்டை இருப்பு குறைந்துகொண்டே வருகிறதாம். பன்னிரண்டு வருடம் காத்திருந்து வந்த தேதி.

“இன்னாங்க, இந்த ஒரு வருஷம் மலைக்கு வேணாமே...” என்றாள்.

“பதினெட்டுடி” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மேற்கொண்டு இரண்டு தரம் கேட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேனோ? தெரியாது. அவள் மேல் தள்ளப் பார்க்கிறேன் பாருங்கள்... இதுதான் என் குணம்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெரிய அட்டை தொங்கும். சிகிச்சை கூடி வர எது எது வேண்டும், எது எது கெடுக்கும் என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கும். வயது. எடை. சர்க்கரை. தைராய்டு. பீடி, சிகரெட், சாராயம், குட்கா. உலைச் சூட்டில் வேலை. தூக்கம். மனக் கவலை.

சகுந்தலா அந்த அட்டையை மனப்பாடம் செய்தாள். அதிகாலையில் காலனி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எட்டு கிலோ குறைத்தாள். சர்க்கரையை விட்டாள். அவளுக்குப் பிடித்த எண்ணெய்ப் பலகாரத்தை என் தட்டில் தள்ளிவிட்டு வெறும் வெள்ளரிக்காய் தின்றாள்.

நான் அட்டையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன். கெட்டது ஒன்றும் என்னிடம் இல்லை. மாலை போட்டவனிடம் என்ன கெட்டது இருக்கும்?

கடைசி வரி மட்டும் ஒன்று இருந்தது. ஆண்கள் விந்து கொடுப்பதற்கு முன் இடைவெளி, இரண்டிலிருந்து ஐந்து நாள்.

ஸ்டெல்லா சிக்கந்தராபாத் தமிழ்ப் பெண். மாலை போடுவதற்கு முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “அண்ணா, வெக்கப்படாதீங்க. பழசு உள்ள தங்கக்கூடாது. குடுக்கற நாளுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தடவ வெளிய போயிடணும். புரியுதா?”

நான் தரையைப் பார்த்தேன். “ஹவ்.”

“இன்னா ஹவ்வு? புரிஞ்சுதா, இல்லியா?”

“புரிஞ்சுதும்மா.”

புரிந்தது. ஆனால் நம்பவில்லை. எங்கள் சாமிகள் பேச்சு வேறு. அடக்கி வைத்தது எல்லாம் பலம். ஒரு மண்டலம் காத்தவனுடைய வித்து வஜ்ஜிரம். பட்டறைக் குருசாமி சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு நாள், ஐந்து நாள் கணக்கெல்லாம் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு. எனக்கு எதற்கு? விரதத்தில் சேர்ந்ததைக் கொடுத்தால் பிள்ளை சிங்கம் மாதிரி வரும் என்று நினைத்தேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்!

சகுந்தலாவுக்கு இந்த இடைவெளிக் கணக்கு தெரியாது. அட்டையில் எழுதியிருந்ததுதான். ஆண்களுக்கு என்று தனியாகப் போட்டிருந்த பகுதியை அவள் கூச்சத்தில் படிக்கமாட்டாள். நானும் சொல்லவில்லை.

ஊசி தொடங்கியது. தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று. முதல் நாள் ஊசியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். விரதத்தில் பெண்டாட்டியும் நம்மைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

“சாமி, கை நடுங்குது. இத மட்டும் போட்டு வுடு சாமி.”

“தொடக்கூடாது” என்றேன்.

அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தானே குத்திக்கொண்டாள். பத்து நாள். வயிறு முழுக்க நீல நீலமாகப் பொட்டுகள். நான் பக்கத்து அறையில் சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகச் சொன்னேன்.

இருமுடி கட்டி மலைக்குப் புறப்பட்டேன். அக்கா அல்வாலிலிருந்து வந்து சகுந்தலாவுக்குத் துணை இருந்தாள்.

சனிக்கிழமை. நாற்பத்தெட்டாவது நாள். பம்பையில் குளித்துவிட்டு ஏறத் தொடங்கிவிட்டோம். தலையில் இருமுடி. ஒரு கை அதைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தோளில் இருந்த தென்னங்கன்றை. என் பையில் போன் அடித்தது. பக்கத்தில் வந்த சிவா சாமி எடுத்து என் காதில் பிடித்தான்.

ஸ்டெல்லா.

“அண்ணா, செவ்வாய்க்கிழம காலையில முட்டை எடுக்கறோம். நீங்க திங்கக்கிழம வந்துடுவீங்களாமே. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? இன்னிக்கே அத முடிச்சிடுங்க.”

எங்கே நிற்கிறேன், தலையில் என்ன இருக்கிறது... அவளுக்கு எப்படித் தெரியும்! சுற்றிலும் சரணம். என் காது எரிந்தது.

“சரிம்மா. சாமியே சரணம்” என்றேன்.

“இன்னாது?” என்றாள்.

சிவா சாமி போனை வைத்தான். “யாரு சாமி?”

“ஆபீஸ்” என்றேன். பதினெட்டாம் படிக்குப் போகிற வழியில் சொன்ன பொய். அதை யாரும் எண்ணவில்லை.

தென்னங்கன்றை வைத்தேன். குருசாமி ஆனேன். எல்லோரும் என் காலைத் தொட்டார்கள். அவர்கள் தொடத் தொட எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பிள்ளை உறுதி.

திங்கள் மாலை வீடு. மாலை கழற்றினேன். சவரம் செய்தேன். செவ்வாய் காலை சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சகுந்தலாவை உள்ளே கூட்டிப் போனார்கள். கையை என் பக்கம் நீட்டினாள். இப்போது தொடலாம். தொட்டேன். சில்லென்று இருந்தது.

எனக்கு ஒரு படிவம் தந்தார்கள். பெயர். வயது. மனைவி பெயர். கடைசிக் கட்டம், எத்தனை நாள் இடைவெளி.

பேனா நின்றது.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? விதி மீறியதற்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் வயிற்றில் குத்திய பத்து நாளும் பாழ். என் பின்னால் இன்னும் மூன்று ஆண்கள் நின்றார்கள். எட்டிப் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். எப்படியும் பலமான சரக்குதானே, எண் எதுவாக இருந்தால் என்ன?

3 என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமையைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேளுங்கள். அக்கா மகளுக்கு அல்வாலில் வளைகாப்பு. வாசலில் அக்கா எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். “எங்க தம்பி தங்கம். மலைக்குப் போற ஆளு. அவளுக்குத்தான் முட்ட சரியில்லன்னு டாக்டரே சொல்ட்டாங்க.” சகுந்தலாவுக்கு அது காதில் விழுந்தது. வளையல் போடுகிற வரிசைக்கு அவள் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. அவளாகவே சமையல் கட்டுக்குப் போய், ஏழு வகைச் சோற்றையும் கிண்டிக் கட்டினாள்.

அக்கா மகள் போய்க் கூப்பிட்டாள். “அத்த, ஆவோ நா, வளையல் போடு.”

“நக்கோ கண்ணு, வேணாம். நீ நல்லா இருக்கணும்.”

நான் பந்தியில் உட்கார்ந்து அந்தப் புளிச்சோற்றைத் தின்றேன். ருசியாக இருந்தது.

மறு கார்த்திகை வந்து மார்கழியும் பிறந்தது. முட்டை இருப்பை மறுபடி பார்க்க டாக்டர் அம்மா வரச் சொல்லியிருந்தார். சகுந்தலா உள்ளே போனாள். நான் நடையில், அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்தேன்.

எதிரே லேபுக்காரர் படிவம் வாங்கிக்கொண்டிருந்தார். கறுப்பு வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். தெலுங்கன். கழுத்தில் மாலை இல்லை. கையில் ஒரு துணிப்பை.

“எத்தனை நாள் சாமி?” என்றார் லேபுக்காரர்.

“முப்பத்தி நாலு.”

சாதாரணமாகச் சொன்னான்! பஸ் நம்பர் சொல்வது போல!

லேபுக்காரர் சிரித்தார். “முப்பத்தி நாலா! உள்ள இருக்கறதெல்லாம் கிழவனுங்க ஆயிருப்பானுங்க சாமி. பரவால்ல. மொதல்ல வர்றதத் தள்ளிடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொன்னு குடுங்க. அது புதுசு. அத வெச்சுப் பாக்கறோம்.”

“மாலய கழட்டிட்டுத்தான் வந்தேன்” என்று அவன் பையைக் காட்டினான். “எங்க குருசாமிகிட்ட கேட்டேன். புள்ளைக்காகத்தானே, வைத்தியம்தானே, கழட்டி வெச்சுட்டுப் போடா, சாமி ஒண்ணும் சொல்லமாட்டாருன்னாரு.”

இரண்டு மணி நேரம். அவ்வளவுதானா? திருப்பி அனுப்பமாட்டார்களா? திட்டமாட்டார்களா? ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுக் காத்திருந்து, இன்னொரு தரம்... அவ்வளவுதானா!

எழுந்து லேபுக்காரரிடம் போனேன்.

“ஒருத்தன் ஐம்பது நாள் இருந்துட்டு, மூணுன்னு எழுதிட்டான்னா?”

அவர் தலை தூக்காமலே சொன்னார். “அவன் எழுதினதத்தான் நாங்க நம்புவோம் அண்ணா. வேற எத நம்பறது? பழசு உள்ளயே ஒடஞ்சிருக்கும். கரு ஆனாலும் ரெண்டு மூணு நாள்ல நிக்கலாம். நிக்காமலும் போகலாம். சொல்லியிருந்தா இன்னொன்னு கேட்டிருப்போம். ஏன், யாரு?”

“ஒரு சொந்தக்காரன்.”

அந்தத் தெலுங்கன் பெஞ்சில் உட்கார்ந்து பழம் உரித்தான். என்னைப் பார்த்து, “சாமி சரணம்” என்றான். நானும் அந்த வருடம் கறுப்பில் இருந்தேன். பத்தொன்பதாவது. குருசாமி.

அவன் என்னிடம் வந்து கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கழற்றாதே என்றிருப்பேன். அடக்கி வைத்தது பலம் என்றிருப்பேன்.

கதவு திறந்தது. சகுந்தலா வந்தாள். கையில் ஒரு தாள்.

“முடிஞ்சிதுங்க சாமி. இனிமே என் முட்டையில ஆவாதாம். வேற யாருதோ வாங்கி வெக்கலாம்னாங்க. எனக்கு வேணாம்னுட்டேன்.”

அவள் முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம். நான் தொட்டுவிடாமல் பின்னால். தார்நாகாவில் கூட்டம் இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

“உங்க மேல ஒரு கொறையும் இல்ல சாமி. பதினெட்டு மலை ஏறின ஆளு. என் வயித்துலதான் ஒண்ணும் நிக்கல. நீங்க மனசு வுட்டுடாதீங்க.”

எனக்கு ஆறுதல்! எனக்கு!

“பேசாம வா” என்றேன்.

இதுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பொய்யால்தான் கருக்கள் நின்றனவா? டாக்டருக்கே தெரியாது. வயதாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். ஒருவேளை அவள் சொல்வதே சரியாகவும் இருக்கலாம்... இந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை அவளுக்குக் கொடுக்காதவன் நான். அதில் ஒருவேளை கிடையாது.

போன கார்த்திகையில் பட்டறைப் பையன் சிவா வந்தான். மலையில் எனக்குப் போன் பிடித்தவன். கல்யாணம் ஆகி ஆறு வருடம். “சாமி, ஆஸ்பத்திரியில மார்கழிக்குத் தேதி குடுத்திருக்காங்க. மால போட்டு வுடுங்க” என்று தலையைக் குனிந்தான்.

“போடமாட்டேன், போடா” என்றேன்.

“ஏன் சாமி? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

நான் திரும்பி நடந்துவிட்டேன். அவன் வேறொருவர் கையால் போட்டுக்கொண்டான் என்று கேள்வி.

ஆஸ்பத்திரிக் கோப்பு எங்கள் அலமாரியில், அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போட அவளுக்கு மனமில்லை. பொங்கலுக்கு அலமாரியைத் துடைக்கும்போது எடுத்துப் பார்ப்பாள். தன் தாள்களை மட்டும் பார்ப்பாள். என் படிவம் கடைசியில் இருக்கிறது. ஒரு நாள் அதுவரை புரட்டிவிடுவாள் என்று பயந்துகொண்டு நிற்பேன். புரட்டினாலும் அவளுக்கு அதில் என்ன தெரியும்? நீலப் பேனாவில் ஒரு மூன்று.

உண்மையான எண்ணை எங்கேயும் எழுதியதில்லை. வாயாலும் சொன்னதில்லை. கார்த்திகை ஒன்றிலிருந்து அந்தச் செவ்வாய் வரை விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். பட்டறையில், பஸ்ஸில், பூஜையில். ஒவ்வொரு தரமும் அதேதான் வருகிறது.

ஐம்பத்தொன்று.